தோலும் சொல்லும்

தோல் நோயைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது ஏன் என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. மருந்துகளின் பெயரைக்கூடச் சரிவர உச்சரிக்கத் தெரியாதவன் நான். ஆயினும் இந்நோய்களின் ஒரு பகுதி மருந்துக்குள் அடங்குவதில்லை. அது சொல்லிலே இருக்கிறது. சொல் என் தொழில். அத்தொழிலில் நான் செய்த பிழையொன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதலிற் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெனீவா நகரிற் கூடிய உலகச் சுகாதாரப் பேரவையின் 78ஆவது கூட்டம், தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதாரத்தின் முன்னுரிமைகளுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. எந்த ஒரு வேளையை எடுத்துக்கொண்டாலும் உலகில் ஏறத்தாழ 180 கோடி மக்கள் ஏதேனும் ஒரு தோல் நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், 2014இல், அதே பேரவை சொரியாசிஸ் என்னும் ஒரு நோயைத் தனியே எடுத்துப் பேசியது. சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்பது அதனைத்தான். அது நாட்பட நிற்பது, தொற்றாதது, நோவு தருவது, உருவைக் கெடுப்பது, முற்றாக மாற்றும் மருந்து இன்னும் காணப்படாதது என அன்று விளக்கினர். ‘தொற்றாதது’ என்ற ஒரு சொல்லை உலக நாடுகள் கூடியிருந்து எழுதவேண்டியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இத்தகைய செய்திகளை நானும் பலரைப் போலப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன்தான். புரட்ட முடியாமற் செய்தது ஒரு தாயின் வருகை.

ஒரு சனிக்கிழமை மாலை. வெள்ளவத்தையில் என் வீட்டு விறாந்தையில் இருந்து மாணவரின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மையார் ஒருவர் வாசலில் நின்றார். என் வகுப்பிற் படிக்கும் பையனொருவனின் தாயார். பையன் அந்த வாரத்தில் மூன்று நாள் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் கொடுத்து இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை.

“பண்டிதர் ஐயா, குறை நினையாதையுங்கோ. பிள்ளை இப்ப நண்டைக் கையாலையும் தொடுறானில்லை. நல்ல விருப்பமாய்ச் சாப்பிடுற பிள்ளை. போன பிறப்பிலை நான் நண்டின்ரை காலை முறிச்சனானோ அம்மா எண்டு கேக்கிறான். இரவிலை நித்திரையில்லை. நீங்கள்தான் படிப்பிச்சனீங்களாம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த சிவப்புப் பேனையைக் கீழே வைத்தேன்.

நாலடியாரில் தீவினையச்சம் என்றோர் அதிகாரம் உண்டு. நண்டை விரும்பி அதன் காலை முறித்துத் தின்றவன், மறுபிறப்பில் விரல்கள் அழுகும் தொழுநோயை அடைவான் என்பது அங்குள்ள ஒரு செய்யுளின் கருத்து. வேறொரு பாடத்தை நடத்துகையில், வினைப்பயனுக்கு எடுத்துக்காட்டாக அதனை நான் சொல்லியிருந்தேன். சொன்னதோடு நில்லாமல், கையை மடக்கி விரலற்ற கைபோலக் காட்டவும் செய்தேன். வகுப்பு சிரித்தது. பாடம் நன்றாக நடந்தது என்று மகிழ்ந்து வீடு வந்தேன்.

அந்த வகுப்பின் பின் வரிசையில், சித்திரை வெயிலிலும் நீளக்கைச் சேட்டின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றாத பையன் ஒருவன் இருந்தான். அடக்கமான பிள்ளை என்று அவனை நான் மெச்சியதும் உண்டு. அந்தக் கையினுள்ளே முழங்கையிலிருந்து கீழ்நோக்கிச் சிவந்து தடித்து வெள்ளிச் செதில் படிந்த படை இருந்தது என்பதைத் தாயார் சொல்லியே அறிந்தேன். மூன்று ஆண்டுகளாக இருந்ததாம். தொழுநோய் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனாகவே அப்படி நினைத்துக்கொண்டான். நினைப்பதற்கு வேண்டிய செய்யுளை நான் கொடுத்தேன்.

அடுத்த கிழமை அரசாங்க வைத்தியசாலையொன்றின் தோல் நோய்ப் பிரிவுக்கு அவர்களுடன் நானும் போனேன். சொரியாசிஸ் என்றார் வைத்திய அம்மையார். அதன் இயல்பையும் எங்களுக்கு விளங்கும் வகையில் எடுத்துரைத்தார். தோலின் அடியிலே தோன்றும் உயிரணு மேலே வந்து உதிர்வதற்கு வழக்கமாக ஒரு மாத காலம் செல்லும். இந்நோயில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே நெறி பிசகித் தூண்டிவிடுவதால், அவ்வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. உதிர்வதற்கு முன்னரே புதியவை வந்து குவிகின்றன, அக்குவியலே செதில். கிருமியால் வருவதன்று; தொட்டால் ஒட்டுவதன்று; அழுக்கினால் உண்டாவதன்று. பரம்பரைச் சார்பு சிலருக்கு உண்டு. பூச்சு மருந்து, ஊதாக்கடந்த கதிர்ச் சிகிச்சை, உள்மருந்து, அண்மைக் காலத்து ஊசி மருந்துகள் என அடக்கிவைக்கும் வழிகள் பல உள.

பின்னர் அவர் பையனைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்டார். அவை எனக்குப் புதியனவாய் இருந்தன. கடந்த வாரத்தில் உன் தோல் எவ்வளவு கடித்தது? அதனால் எவ்வளவு வெட்கப்பட்டாய்? இன்ன உடுப்பைத்தான் உடுக்கவேண்டும் என்று தோல் உன்னைக் கட்டாயப்படுத்தியதா? விளையாட்டை விட்டாயா? படிப்புக் குழம்பியதா? 1994ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் கார்டிவ் நகரில் பின்லே, கான் என்னும் இருவர் ஆக்கிய பத்து வினாக்களின் பட்டியல் இத்தகையது என்று பிறகு படித்தறிந்தேன். உலகெங்கும் தோல் வைத்தியர் இன்று அதனைக் கையாளுகின்றனர். படை எத்தனை அங்குலம் என்று அளந்தால் மட்டும் போதாது, அது வாழ்க்கையில் எத்தனை முழம் பிடித்திருக்கிறது என்றும் அளக்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

உடுப்பைப் பற்றிய கேள்விக்குப் பையன் பதில் சொல்லவில்லை. நீளக்கையை இன்னும் சற்றுக் கீழே இழுத்துவிட்டான். அதுவே பதில். சற்றுப் பொறுத்துச் சலூனில் நடந்ததைச் சொன்னான். தலைமயிர் வெட்டுபவர் அவனது கழுத்தோரத்துப் படையைக் கண்டதும், தம் சீப்பைக் கழுவி வேறாக வைத்தாராம். ஒன்றும் பேசவில்லையாம். “பேசியிருந்தால் நான் தொற்றாது எண்டு சொல்லியிருப்பன், சேர்” என்றான். பேசாமற் செய்யும் அவமதிப்புக்கு மறுமொழி இல்லை.

இது ஒரு பையனின் கதை என்று தள்ளிவிட இயலாது. ஐரோப்பாவின் 13 நாடுகளில், தோல் நோய்க்காக வைத்தியசாலைக்கு வந்த 3,635 பேரையும் தோல் நோயில்லாத 1,359 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அதன் முடிவு 2015இல் வெளிவந்தது. நோயாளருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. மற்றவருள் நூற்றுக்கு நான்கு பேருக்கே இருந்தது. மனப்பதற்றம் நோயாளரில் நூற்றுக்குப் பதினேழு, மற்றவரில் பதினொன்று. வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் வந்ததுண்டு என்றோர், நோயாளரில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று பேர். மற்றவரில் எட்டுப் பேர். ‘தோலில்தானே, உயிருக்கு என்ன?’ என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஆறுதல் எவ்வளவு பிழையானது என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

இத்தொடர்பு எவ்வாறு உண்டாகிறது? ஒரு வழி வெளிப்படையானது. பிறர் பார்வை உறுத்துகிறது, மனிதன் ஒதுங்குகிறான், ஒதுங்கியவன் சோர்கிறான். இரண்டாவது வழி உறக்கம். இரவெல்லாம் கடித்துச் சொறிபவனுக்கு நித்திரை ஏது? நித்திரையற்றவனுக்கு மன அமைதி ஏது? மூன்றாவது வழி உடலுக்குள்ளேயே இருக்கிறது. தோலில் அழற்சியை மூட்டும் இரசாயனப் பொருள்கள் இரத்தத்திற் கலந்து மூளையின் தொழிலையும் பாதிக்கலாம் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் கருத்து. கருவிலே தோலின் மேற்படையும் நரம்புத் தொகுதியும் ஒரே படையிலிருந்து பிறப்பவை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லிவிடலாம். ஒருவர் அழுதால் மற்றவருக்குப் பொறுக்காது.

எதிர்த் திசையிலும் இவ்வழி செல்கிறது. கவலை மிகும்போது படை மிகுகிறது. அமெரிக்காவிலே சொரியாசிஸ் நோயாளர் 37 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினர். 1998இல் அதன் முடிவு வெளியாயிற்று. கதிர்ச் சிகிச்சைப் பெட்டியுள் நிற்கும்போது மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியை ஒலிப்பதிவாகக் கேட்டவர்களுக்கு, கேளாதவர்களைக் காட்டிலும் விரைவில் தோல் தெளிந்தது. சிறிய சோதனைதான். மருந்தை விட்டுவிட்டுத் தியானம் செய்யலாம் என்று இதற்குப் பொருளன்று. அவர்கள் கதிர்ச் சிகிச்சையும் பெற்றுக்கொண்டேயிருந்தனர். மனத்தைத் தேற்றுதலும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதே பொருள்.

இவற்றைப் படித்தபோது தமிழ் கற்றவன் என்ற முறையில் எனக்கு வியப்பு உண்டாகவில்லை, நாணமே உண்டாயிற்று. மனத்தின் துயர் தோலிலே தெரியும் என்பதை இலக்கணமாகவே வகுத்தவர்கள் அல்லவா நாம்? தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியிற் படரும் நிறமாற்றத்துக்குப் பசலை என்று பெயரிட்டோம். திருக்குறளிலே ‘பசப்புறு பருவரல்’ என அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. இன்னும் ஒன்று. மகளிர் மேனியில் தேமல்போலப் படரும் புள்ளிகளைச் சங்கப் புலவர் சுணங்கு என்றனர். அதனைப் பொன்னுக்கும் வேங்கைப் பூவின் தாதுக்கும் ஒப்பிட்டு அழகென்று பாடினர். தோலில் நிறம் மாறிய ஒரு புள்ளி. அதற்கு வைத்த பெயர் சுணங்கு என்றால் பெண் நாணிச் சிரிக்கிறாள். அதையொத்த வேறொரு புள்ளிக்கு வைத்த பெயர் வெண்குட்டம் என்றால் அவளுக்குக் கலியாணம் நின்றுபோகிறது.

இந்தக் ‘குட்டம்’ என்ற சொல்லைச் சிறிது ஆராய்வோம். தோலின் நிறமணுக்கள் அழிவதால் வெண்மை படர்கிறது; அவ்வளவுதான். அவ்விடத்தில் உணர்ச்சி குன்றுவதில்லை, நோவில்லை, தொற்றுவதுமில்லை. தொழுநோயோ வேறு, அது கிருமியால் வருவது. நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873இல் அக்கிருமியைக் கண்டார். அதனால் வரும் தழும்பு உணர்ச்சி குன்றியிருக்கும். இரண்டுக்கும் உறவேயில்லை. ஆனால் நம் மொழி, ‘குட்டம்’ என்ற ஒரே கயிற்றில் இரண்டையும் கட்டிவைத்தது. தமிழ்நாட்டில் வெண்புள்ளி உடையோர் இதற்கெதிராக இயக்கம் நடத்தினர். அதன் பயனாக, வெண்குட்டம் என்பதை விடுத்து வெண்புள்ளி என்றே வழங்கவேண்டும் என அங்கு அரசாணை பிறந்தது. அச்சொல்லை மாற்றவேண்டும் என்று பாதிக்கப்பட்டோர் கேட்டனர். பண்டிதர்களாகிய நாம் அவர்களை முந்திக்கொண்டிருக்க வேண்டும்.

குட்டம் என்ற சொல்லில் இத்தனை அச்சம் ஏறியதற்கு வரலாறும் உண்டு. அதனைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே களனி கங்கையைக் கடந்தால் ஹேந்தளை. 1708இல் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென அங்கே ஒரு காப்பகத்தைக் கட்டினர். பின்பு ஆங்கிலேயர் 1901இல் தொழுநோயாளர் கட்டளைச் சட்டத்தை இயற்றி, நோயாளரைப் பிரித்துவைப்பதைச் சட்டமாக்கினர். மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு என்னும் தீவு இதற்கெனவே ஒதுக்கப்பட்டது. நோய் கண்டவன் வீட்டையும் ஊரையும் பிள்ளைகளையும் பிரிந்து போவான். திரும்பி வருவது அரிது. அந்த அச்சம் நம் எலும்பில் ஊறிவிட்டது. ஒருவருடைய தோலில் எந்த மாற்றத்தைக் கண்டாலும் நம் கண் முதலில் ஹேந்தளையைத்தான் பார்க்கிறது.

காலம் மாறிவிட்டது. 1983 முதல் இந்நாட்டிலே கூட்டு மருந்துச் சிகிச்சை வழங்கப்படுகிறது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்தெடுத்தால் தொழுநோய் குணமாகும். யாரும் யாரையும் பிரியவேண்டியதில்லை. 1990இல் வானொலி, தொலைக்காட்சி வழியாக ஒரு பெரும் பிரசாரம் நடந்தது. இது மாற்றக்கூடிய நோய், அஞ்சவேண்டாம் என்ற அறிவிப்பைக் கேட்டு, மறைந்திருந்தோர் பலர் தாமாகவே வைத்தியரிடம் வந்தனர். மருந்து ஏழாண்டுகளாக இருந்தது. அவர்களை வெளியே அழைத்தது சொல். இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆதலால், உணர்ச்சியற்ற மங்கிய தழும்பு ஒன்றைக் கண்டால் ஒளிக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஒளிக்கச் செய்வது நோயன்று, வெட்கம்.

மன நோய்க்கும் இதே கதிதான். ‘அங்கொடைக்குப் போ’ என்பது கொழும்பில் வசைமொழி. மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரையே வசையாக்கிய நாம், சோர்ந்த ஒருவன் அங்கே சென்று உதவி கேட்பான் என்று எப்படி எதிர்பார்ப்பது? தோல் நோயால் வாடும் ஒருவருக்கு மனச்சோர்வும் வந்தால் அவர் சுமப்பது இரட்டை வெட்கம். ஒன்றைச் சேட்டுக்குள் மறைக்கிறார். மற்றதை மௌனத்துக்குள் மறைக்கிறார். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துடன் 1926 என்ற தொலைபேசி எண்ணிற் பேசலாம் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். வாசகர் தம் வீட்டாருக்கும் சொல்லிவைக்கலாம்.

நம் மரபு முழுவதும் நோயாளியைக் குற்றவாளியாக்குவது என்று நான் சொல்லவரவில்லை. இறைவனுக்கே தோழரான சுந்தரமூர்த்தி நாயனாருக்கு உடலிலே பிணி வந்தது. திருத்துருத்தியிலே குளத்தில் மூழ்கி அது நீங்கப்பெற்றார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அப்பிணியினால் அவரை அடியார் கூட்டம் விலக்கியதாக எங்கும் இல்லை. நம் கீரிமலையின் கதை எல்லோரும் அறிந்தது. சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகமும் குன்ம நோயும் இருந்தன; கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடி இரண்டும் நீங்கப்பெற்றாள்; மாவிட்டபுரத்திற் கோயில் எடுத்தாள் என்பது ஐதிகம். முகத்திலே ஒரு நோய், உள்ளே ஒரு நோய். அவற்றைப் பிரிக்காமல் ஒருங்கே சொன்னவரும், ஒருங்கே நீங்கின என்றவரும் நம் முன்னோர்தாம். தோலையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று இன்றைய வைத்தியர் சொல்வதை இக்கதையின் வழியே நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் நாலடியாரை என் செய்வது? கிழித்தெறிவதா? அன்று. அச்செய்யுளைப் பாடிய சமண முனிவர் நண்டுக்காக இரங்கினார். கால் முறிபடும் ஒரு சிற்றுயிரின் நோவை மனிதனுக்கு உணர்த்த, அவன் அஞ்சும் நோயை எடுத்துக்காட்டினார். அவர் நோக்கம் கருணை. நண்டின்மேல் இரங்கச் சொன்ன பாட்டைக்கொண்டு மனிதன்மேல் இரக்கமற்றுப் போனவன் நான்தான். பழைய நூலிலுள்ள கருணையை எடுத்துக்கொண்டு, அக்காலத்து அறியாமையை அறியாமை என்றே சொல்லிக் கொடுப்பது ஆசிரியன் கடமை. அதைச் செய்யாமல் கைவிரலை மடக்கிக் காட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை அதே வகுப்பில் அதே செய்யுளை மறுபடி எடுத்தேன். அந்தப் பையன் அன்று வந்திருந்தான். அவன் பக்கம் பார்க்காமல், ஹான்சன் கண்ட கிருமியைச் சொன்னேன். தொற்றும் நோய் எது, தொற்றாதது எது என்று சொன்னேன். நோய் எவர்க்கும் தண்டனையன்று என்றேன். சென்ற முறை நான் படிப்பித்தது பிழை என்றும் சொன்னேன். முப்பது ஆண்டுகளாகப் படிப்பிக்கிறேன். இதற்கு முன் வகுப்பில் அவ்வாறு சொன்ன நினைவு இல்லை. எவரும் சிரிக்கவில்லை.

ஆசிரியராய் உள்ளோர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். சொறி, படை, குட்டம் என்ற சொற்களை வசையாக வழங்குவதை வீட்டிலும் வகுப்பிலும் நிறுத்துவோம். வெயிலில் நீளக்கைச் சட்டையோடு வரும் பிள்ளையை மெச்சுவதற்கு முன், நித்திரை வருகிறதா என்று தனியே அழைத்துக் கேட்போம். தோல் வைத்தியர் மனத்தையும் விசாரிக்கட்டும். விசாரிக்காவிடின் நாமே அவரிடம் எடுத்துச் சொல்வோம். கலியாணம் பேசும் இடத்தில் ‘தொற்றாது’ என்ற ஒரு வார்த்தையைத் துணிந்து சொல்லுவோம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

பையனின் படை முழுதும் மாறவில்லை. மாறி மாறி வரும் என்று வைத்தியர் முன்னரே சொல்லியிருக்கிறார். நீளக்கைச் சேட்டையும் அவன் இன்னும் விடவில்லை. விடு என்று நானும் சொல்லவில்லை. சென்ற வாரம் தாயாரைக் கோயில் வீதியிலே கண்டேன். பிள்ளை இப்போது நித்திரை கொள்கிறானா என்று கேட்டேன்.

“ஓம் ஐயா, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறி வைக்கச் சொல்லிக் கேட்டவன்” என்றார்.